எட்டாம் பாகத்தில் இடம் மாறிய பட்டன்

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நாங்களும் நலம் என்று எழுதத்தான் பள்ளியில் சொல்லித் தந்திருக்கிறார்கள், ஆனால் நாங்கள் நலமில்லை. ஃபோனில் பேசினால் கேட்டுவிடும் என்று போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். எழுத்துக் கோணலை மன்னிக்கவும்.

உங்கள் கம்பெனியின் 'விளக்குக் குகை' வீடியோ கேமின் எட்டாம் பாகம் சனிக்கிழமை வந்தது. அம்மாவும் அப்பாவும் நாள் முழுக்கச் சண்டை போட்டாலும் ராத்திரி அதை மட்டும் சேர்ந்து ஆடுவார்கள் என்பது உங்களுக்கே தெரியும், ஏழு பாகமாக அம்மா விளக்குப் பிடிப்பார், அப்பா பள்ளம் தாண்டுவார், குகை மாறும், பூதம் மாறும், பட்டன் மாறாது, அதனால் அப்பா பட்டனைப் பார்ப்பதே இல்லை, இந்தத் தடவையும் பார்க்காமல் தாண்ட அழுத்தினார், அங்கே தடியால் அடிக்கிற பட்டனை நீங்கள் வைத்திருக்கிறீர்கள், தடி விழுந்து அம்மாவின் ஆள் விளக்கோடு பள்ளத்துக்குள் போய்விட்டது. "வேணும்னேதானே அடிச்சீங்க?" "பட்டனை மாத்துனது உன் தம்பி." "ஆமா, எது நடந்தாலும் என் தம்பி!" அன்றிலிருந்து பேச்சே இல்லை. "சாப்பாடு மேஜையில இருக்குன்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்கிறார் அம்மா, இரண்டடி தள்ளி நிற்கும் அப்பாவிடம் நான் சொல்கிறேன், "கேட்டுச்சுன்னு சொல்லு" என்கிறார். இன்று அம்மா பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கி வாசலருகே வைத்துவிட்டார். திறந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மாமா, போன லீவில் "ஏழும் ஒரே மாதிரி, போர் அடிக்குது மாமா, ஏதாவது மாத்துங்க" என்று உங்களிடம் சொன்னது நான்தான். "எழுதிக்கிட்டேன் மருமகளே" என்றீர்கள். நான் பாட்டை நினைத்துச் சொன்னேன், பூதத்தை நினைத்துச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு அழுத்துகிற பட்டனில் கை வைப்பீர்கள் என்று தெரிந்திருந்தால் வாயையே திறந்திருக்க மாட்டேன். இது வீட்டில் தெரிய வேண்டாம். பெட்டி கிளம்புவதற்குள் பட்டனைப் பழைய இடத்துக்கே மாற்றிவிடுங்கள்.

அத்தைக்கு வணக்கம், பாப்பாவுக்கு முத்தம்.

இப்படிக்கு,
பயத்துடன்,
உங்கள் மருமகள்

பி.கு.: ஹாலில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். லைட்கூடப் போடாமல் இருவரும் ஆடுகிறார்கள். அம்மா விளக்கைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் ஆளைத் தடியால் வெளுத்து வாங்குகிறார். "அடியேய், வேணும்னே அடிக்கிறியே!" "பட்டன் மாறிப்போச்சுங்க, நான் என்ன செய்ய?" அப்பா சிரிக்கிறார். பெட்டி இன்னும் வாசலில்தான் இருக்கிறது. மாமா, பட்டனைத் தொடாதீர்கள்.