துண்டுக்குள் தெரிந்த ஒளி

எங்கள் பஸ்ராவில் அந்தக் கோடையில் கண்ணீருக்குக் கிராக்கி வந்துவிட்டது. புழுதிக் காற்றில் பாதி ஊருக்குக் கண் உலர்ந்து, மணலை அள்ளிப் போட்டது போல உறுத்தல். அப்போதுதான் வந்து இறங்கினார் அபூ நூர், கையில் அதிசய விளக்கோடு. மலை உச்சியின் விடியல் ஒளியைப் பிடித்து அதில் அடைத்திருக்கிறாராம். அதன் அடியில் கண்ணை மூடிப் படுத்தால் வற்றிய கண்ணில் ஊற்றுத் திறக்குமாம்.

திறந்ததே! போனவர்கள் எல்லாரும் தாரை தாரையாக அழுதுகொண்டே வெளியே வந்தார்கள். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? வரிசை மீன் சந்தை வரை நீண்டது.

பெரிய ஆஸ்பத்திரியிலும் இந்த நோவுக்கு ஒளிச் சிகிச்சை உண்டு. ஆனால் அங்கே டாக்டர் முதலில் கண்ணைப் பார்ப்பார், எல்லாருக்கும் ஒத்துவராது என்பார். அபூ நூருக்கு அந்தத் தொல்லையே இல்லை. அவர் யார் கண்ணையும் பார்ப்பதில்லை.

கல்யாண உடுப்பு தைக்கும் பத்ரியாவும் அவரிடம் போய்ச் சேர்ந்தாள். டாக்டர் கொடுத்த சொட்டு மருந்து ஒளிக்கு ஆகாது என்று அவர் சொல்ல, மருந்தைத் தூக்கி எறிந்தாள். இடது கண் செக்கச் செவேலென்று ஆனது. தங்கை ரபாப் பதறினாள்.

"மருந்தை விட்டா கருவிழி புண்ணாயிடும்னு டாக்டர் சொன்னாரே அக்கா! கண்ணு போயிட்டா ஊசியில நூலு யாரு கோப்பா, அபூ நூரா?"

"போடி! அங்க படுத்தாத் தண்ணி கொட்டுது. உன் டாக்டர் ஒரு சொட்டு வரவழைச்சாரா?"

"சரி, நானும் துணைக்கு வரேன்."

கூடத்தில் பெண்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள், கண்மேல் கனத்த துண்டு. தலைமாட்டில் விளக்கு. மூலையில் திரை, அதன் பின்னே ஃபேன் ஓடும் சத்தம். மூச்சு முட்டச் சாம்பிராணிப் புகை. அபூ நூர் வாசலில் வசூலில் இருந்தார்.

நடுப்பகலில் வழக்கம் போல அரசாங்கக் கரண்டு போனது. விளக்கு அணைந்தது. ஆனால் திரைக்குப் பின்னால் ஃபேன் நிற்கவில்லை. மனுஷன் தெரு ஜெனரேட்டரில் கஞ்சத்தனமாக இணைப்பு வாங்கியிருந்தார். ஃபேனுக்குத்தான் அது காணும். ரபாப் தன் கண்ணிலும் வழிந்ததைத் துடைத்துக்கொண்டு இருட்டு விளக்கைப் பார்த்தாள், அப்போதும் அழுதுகொண்டிருந்தவர்களைப் பார்த்தாள்.

"துண்டை எடுக்காமச் சொல்லுங்க, ஒளி எப்படி இருக்கு?"

"அடேயப்பா! கண்ணுக்குள்ள பாயுது!" என்றாள் பத்ரியா.

"நேத்தைவிட இன்னைக்குப் பிரகாசம் ஜாஸ்தி!" என்றாள் பக்கத்தில் கிடந்த உம்மு திர்காம்.

"இப்ப எடுத்துட்டுப் பாருங்க."

துண்டுகள் விலகின. செத்த விளக்கைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். சத்தம் கேட்டு ஓடிவந்தார் அபூ நூர்.

"அம்மாமாரே, ஒளி அணையல! உங்க உடம்புக்குள்ள போயிருக்கு!"

"அப்ப திரைக்குப் பின்னால என்ன போயிருக்கு?" என்று ரபாப் திரையை இழுத்தாள். ஃபேனுக்கு முன்னால் ஒரு பெரிய தாம்பாளம், அது நிறைய நறுக்கிய வெங்காயம். அந்த வாடையை மறைக்கத்தான் அத்தனை புகை!

ரபாப் ஃபேனை நிறுத்தினாள், தாம்பாளத்தை முற்றத்தில் வைத்தாள், புகைச் சட்டியையும் வெளியே தள்ளி ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். "எல்லாரும் இருங்க. கரண்டு வரட்டும், விளக்கு மட்டும் எரியட்டும்."

கரண்டு வந்ததும் தெருவே வழக்கம் போல ஆண்டவனுக்கு நன்றி சொல்லிக் கூவியது. விளக்கு ஜெகஜ்ஜோதியாக எரிந்தது. பெண்கள் படுத்தார்கள், காத்தார்கள். மருந்துக்கும் ஒரு சொட்டு வரவில்லை.

"பெண்பிள்ளைகளுக்கு நம்பிக்கை குறைஞ்சா ஒளி வேலை செய்யாது" என்று ஆரம்பித்தார் அபூ நூர்.

"வெங்காயத்துக்கு அந்தக் குறையே இல்ல பாரு! இனிமே கபாபுக்கு வெங்காயம் நறுக்கும்போது உனக்குக் காணிக்கை வைக்கணுமா?" என்று உம்மு திர்காம் செருப்பைக் கழற்றினாள். அவர் விளக்கை விட்டுவிட்டு ஓடினார்.

பத்ரியா சிவந்த கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பயம் அப்போதுதான் உறைத்தது.

"ரபாப், என் கண்ணு போயிடுமாடி?"

"இப்பவே டாக்டர்கிட்ட போவோம். இந்தா, முதல்ல இதை விட்டுக்க" என்று ரபாப் பையிலிருந்து புது மருந்தை எடுத்தாள். பத்ரியா முகத்தை அண்ணாந்தாள், தங்கைதான் விட்டாள்.

கண் பிழைத்தது. தழும்பு கொஞ்சம் மிச்சம், தையலும் முன்போல நுணுக்கமாக வரவில்லை.

போன வாரம் மீன் சந்தைப் பக்கம் இன்னொருவர் கடை விரித்திருக்கிறார். ஒலியால் காதைத் திறப்பாராம். அங்கேயும் முதல் நிபந்தனை, கண்ணை மூட வேண்டுமாம். போகிறவர்கள் போங்கள், ஆனால் காதைத் திறக்க வந்தவன் உங்கள் கண்ணை ஏன் மூடச் சொல்கிறான் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் படுங்கள்.