நால்வர் பேச அனுமதி

பேரரசர் ஆண்ட காலம். வியன்னா நகரில் அப்போது ஒரு வீட்டில் மூன்று பேருக்கு மேல் கூடுவதென்றால் தணிக்கை அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். இசையமைப்பாளர் கயெட்டான் ஹூபிங்கர் சட்டத்துக்குப் பயந்தவர். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என நால்வர் வாசிக்கும் இசையொன்றை இரண்டு வருஷம் உழைத்து எழுதி முடித்தவர், தாள்களைக் கட்டிக்கொண்டு தாமாகவே அங்கே போய் நின்றார்.

செயலர் புர்க்மானுக்கு இசை தெரியும். அதுதான் வினையாகிவிட்டது.

"நாலு பேரு. என்ன பேசிக்கிறாங்க?"

"பேசலீங்க ஐயா, வாசிக்கிறாங்க."

"முதல் வயலின் ஒண்ணு சொல்லுது, செல்லோ உடனே குறுக்க பேசுது. முதல் வயலின்ங்கிறது யாரு? மேலிடமா?"

"ஐயோ, அது வெறும் வயலினுங்க!"

"தாள்ல மேல இருக்கு, எல்லாரையும் நடத்திட்டுப் போகுது. மேலிடம்தான். அடியில இருக்கிறவன் எதிர்த்துப் பேசலாமா? மாத்துங்க."

மாற்றினார். அடுத்த வாரம் வியோலா முணுமுணுக்கிறது என்றார்கள். அதையும் மாற்றினார். அதற்கடுத்த வாரம் ஓரிடத்தில் புர்க்மானின் விரல் நின்றது.

"இங்க நாலு பேரும் சும்மா இருக்காங்களே?"

"மூச்சு விடுறாங்க ஐயா."

"நாலு பேரும் ஒரே நேரத்துலயா? அப்போ முன்கூட்டியே பேசி வெச்சிருக்காங்க!"

கடைசியில் நால்வரும் ஒரே மெட்டை, மூச்சு விடாமல், நாற்பது நிமிஷம் வாசிப்பதாக முடிவாயிற்று. அனுமதி கிடைத்தது: 'மேற்படி இசையில் ஆட்சேபணைக்குரிய கருத்து எதுவும், இன்னும் சொல்லப்போனால் எந்தக் கருத்துமே, காணப்படவில்லை.' பழைய தாள்கள் பொது அமைதியை முன்னிட்டு அலுவலகத்திலேயே தங்கின.

சீமாட்டி ஒருத்தியின் மாளிகையில் அரங்கேற்றம். கயெட்டான் வெட்கத்தில் திரைக்குப் பின்னால் பதுங்கினார். வாசித்து முடித்ததும் கூரை அதிரக் கைதட்டல்.

"எனக்கு ஒண்ணுமே புரியல. அப்பவே தெரிஞ்சுபோச்சு, இது பெரிய இசைன்னு!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் சீமாட்டி.

ஒரே மாதத்தில் ஊர் முழுக்க அதுவே நாகரிகம். நாலு கருவிகளை நாலு விதமாக வாசித்தால் பட்டிக்காட்டான் என்றார்கள். தெருவில் கயெட்டானைக் கண்டவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். அவருக்கோ சோறு இறங்கவில்லை. தாம் எழுதியதை ஒரு தடவைகூடக் காதால் கேட்கவில்லையே! பழைய தாள்களைத் திருப்பித் தரச் சொல்லலாம் என்று அலுவலகத்துக்குப் போனார்.

கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவருடைய இசை ஒலித்தது. செல்லோ வயலினை எதிர்த்தது, வியோலா முணுமுணுத்தது, நால்வரும் சேர்ந்து மூச்சு விட்டார்கள். கயெட்டானுக்குக் கண்ணீர் வழிந்தது. வியோலா மறுபடி தொடங்கி அவசரமாக ஓடியதை மட்டும் பொறுக்க முடியவில்லை.

"மெதுவா வாசிங்கய்யா!" என்று கத்திவிட்டார்.

கதவு திறந்தது. செல்லோவும் கையுமாகப் புர்க்மான் நின்றார். பின்னால் மூன்று குமாஸ்தாக்கள்.

"இது தடை செஞ்ச இசை. மெதுவா வாசிக்கணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஒரு தாள் நீட்டப்பட்டது. 'இந்த இசையை நான் எழுதவில்லை, கேட்டதுமில்லை' என்று அதில் இருந்தது. கயெட்டான் கையெழுத்துப் போட்டார்.

புர்க்மான் மை உலர ஊதி, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு கதவை உள்பக்கம் தாழிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க. எவ்வளவு மெதுவா?"