தோணாக் கரையில் பேர் பதிந்த கதை

சாய்ந்தமருது
வெள்ளிக்கிழமை

அன்பு மச்சான் ஜுனைட் அறிவது, அஸ்ஸலாமு அலைக்கும்.

கொழும்பில் நீயும் பிள்ளைகளும் நலமாயிருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். இங்கே நாங்களும் சுகம்தான். உன் ராத்தா, என் வீட்டுக்காரி நஸீறா மட்டும், நான் பென்சன் எடுத்த நாளிலிருந்து தனக்குத் தலையிடி என்கிறாள்.

உன் சஞ்சிகையின் இயற்கைச் சிறப்பிதழுக்குக் கட்டுரை தருவதாக நான் சொன்னது நினைவிருக்கும். அச்சில் என் பெயரைப் பார்க்க நாற்பது வருஷமாக ஆசைப்படுபவன் நான். அதனால் போன கிழமை வந்த வெள்ளம் வடிந்த கையோடு, திங்கட்கிழமை காலையிலேயே ஒரு பிளாஸ்டிக் கதிரை, குடை, புதுக் கொப்பி சகிதம் வீட்டுக்குப் பின்னால் கடலுக்கு ஓடும் நீரோடையான தோணாக் கரையில் போய்க் குந்திக்கொண்டேன். "ஓ தோணாவே!" என்று ஒரு வரி எழுதினேன். இரண்டாவது வரி வருமுன் மோட்டார் சைக்கிளில் போன மஜீட் நிறுத்தி, "என்ன சேர், வெள்ளத்துக்குப் பதியிறீங்களா?" என்றான். இல்லையப்பா, கட்டுரை எழுதுறன் என்றேன். "ஓம் ஓம், முதல்ல எல்லாரும் இப்பிடித்தான் சொல்ற" என்று சொல்லி அடையாள அட்டைப் பிரதியை என் மடியில் வைத்துவிட்டுப் போனான்.

அவனைக் குறை சொல்ல முடியாது, மச்சான். சுனாமிக்குப் பிறகு நம்ம ஊரில் தண்ணீர்க் கரையில் கொப்பியோடு குந்துபவன் நிவாரணத்துக்குப் பேர் எழுதுபவன்தான். பத்து மணிக்கெல்லாம் கரையில் வரிசை நின்றது. நாலாவது ஆளாக உன் ராத்தா! நீயுமா என்று கேட்டேன். "நம்மட குசினிக்குள்ளயும் தண்ணி வந்ததானே, எழுதினா என்னவாம்?" என்றாள். வேறு வழியில்லாமல் பேரும் நட்டமும் எழுதத் தொடங்கினேன்.

கடைசியாக வந்தவர் பாய் இழைக்கப் பன்புல் வெட்டும் றாஹிலா. சேற்றுக் காலோடு நின்றார். என்ன நட்டம் என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்டுமில்ல சேர். அந்தா, மீன்கொத்திட பொந்து கரையோட இடிஞ்சி விழுந்திட்டு. மூணு குஞ்சி இரிந்த. அத எழுதுங்க. கபரகொய்யாட புத்துக்குள்ளயும் தண்ணி."

உடும்பைவிடப் பெரிய அந்தக் கபரகொய்யாவுக்கும் நட்டம் பதிய வந்த முதல் ஆள் இவர்தான். கடலுக்குத் தண்ணீர் போக மணலை அறுத்து முகத்துவாரம் வெட்டிய மறுநாள் விடியல் வெள்ளாப்பில் எந்தக் கொக்கு முதலில் வரும், உப்புத் தண்ணீர் ஏறினால் பன் எந்தப் பக்கம் பழுக்கும் என்று அந்த மனிசி சொல்லச் சொல்ல எனக்கு மேல் புல்லரித்தது. இந்தத் தோணாப் பாலத்தால் இருபத்தெட்டு வருஷம் வேலைக்குப் போய் வந்தவன் நான். ஒரு மீன்கொத்தியின் பொந்தைக் கண்டதில்லை. வெட்கமாக இருந்தது. சந்தோசமாகவும் இருந்தது. அவர் சொன்னதை இரண்டு பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு குந்தி, அதையெல்லாம் அழகு தமிழில் உயர்த்தி, 'தோணாவின் பேரெழில்' என்று பதினொரு பக்கம் எழுதி முடித்தேன். கபரகொய்யா அதில் 'நீர்க்கரைப் பேரரசன்'. ஒரு சொல்லையும் வெட்டாதே. என் பெயரைக் கொட்டை எழுத்தில் போடு.

உன் பிள்ளைகளுக்கு என் சலாமும் துஆவும். வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
மச்சான் ஜவுபர்

பி.கு: கடித உறையை ஒட்டுமுன், ஒரு மரியாதைக்காகக் கட்டுரையை றாஹிலாவுக்கு வாசித்துக் காட்டினேன். பதினொரு பக்கத்தையும் பொறுமையாகக் கேட்டார். "நல்லாத்தான் இரிக்கி சேர். இது எந்த ஊரு தோணா?" என்றார். கிழித்துவிட்டேன், மச்சான். இத்துடன் இருப்பது அவர் வாயால் சொன்ன அந்த இரண்டு பக்கம்தான். அவருடைய பெயரைப் போடு. உன் சஞ்சிகைக்கு இதைவிட நல்லது நான் அனுப்பப் போவதில்லை.