கடைசிக் குண்டையும் போட்டே தீருகிறவர்

ஆடுகளுக்கு அடுத்தபடியாக எங்கள் சவுத்லாந்தில் அதிகம் விளைகிற உயிரினம் ஸ்கிப். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைத் தொப்பி, பின்பையில் குண்டு துடைக்கும் துணி, உலகத்தில் தன்னைத் தவிர எல்லோரும் தப்பு செய்கிறார்களே என்று முகத்தில் ஒரு நிரந்தரத் துயரம். சனிக்கிழமை, புல்தரையில் குண்டு உருட்டி ஆடும் எந்த ஊர் பௌல்ஸ் கிளப்புக்குப் போனாலும் பார்க்கலாம். பார்ப்பதற்கு முன்பே காதில் விழுந்துவிடுவார்.

இரட்டையர் ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு இரண்டு கிழவர்கள். முதலில் குண்டு உருட்டுகிறவர் லீட். அவர் உருட்டி முடிக்கும்வரை புல்தரையின் மறுகோடியில், சின்ன வெள்ளைப் பந்துக்குப் பக்கத்தில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருப்பவர் அணித்தலைவரான ஸ்கிப். பிறகு இருவரும் இடம் மாறுவார்கள். இப்போது லீட் கையை ஆட்டுவார், ஸ்கிப் அதைப் பார்த்து உருட்ட வேண்டும் என்பது விதி. விதி என்றுதான் சொன்னேன். நடக்கும் என்று சொல்லவில்லை. வெள்ளைப் பந்துக்கு எந்தப் பக்கத்துக் குண்டு கிட்டே நிற்கிறதோ அந்தப் பக்கத்துக்குப் புள்ளி. இதற்கு இவ்வளவு பேச்சு எதற்கு என்கிறீர்களா? ஸ்கிப்பிடம் கேட்டுப் பாருங்கள், பொழுது சாய்ந்துவிடும்.

அவருடைய யோசனைகள் தங்கமான யோசனைகள். என்ன, லீட்டின் கையைவிட்டுக் குண்டு கிளம்பிய பிறகுதான் வரும். "கொஞ்சம் மெதுவா!" என்று உருண்டுகொண்டிருக்கும் குண்டைப் பார்த்துக் கத்துவார். எங்கள் குண்டு நேராகப் போகாது. ஒரு பக்கம் சாய்ந்து வளைந்துதான் வரும். அது வளையவில்லை என்றால் லீட்டுக்குக் கை சரியில்லை. வளைந்துவிட்டால் காற்று உதவியது. ஸ்கிப்பின் சொந்தக் குண்டு வழிதவறிப் போனாலோ புல்லை வெட்டியவன் சரியில்லை, எதிராளி இருமினான், காலை உணவில் உப்பு அதிகம். இத்தனை ஆண்டுகளில் ஒரு ஸ்கிப்பாவது தன்னால் தோற்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. நீங்கள்?

எங்கள் கிளப்பின் தலைசிறந்த ஸ்கிப் மர்டாக். கால்நடை ஏலம் விட்டு ஓய்வு பெற்றவர். தொண்டை மட்டும் இன்னும் வேலையில் இருக்கிறது. கிளப் சுவரில் இரட்டையர் கோப்பை வென்றவர்களின் பெயர்ப்பலகை தொங்குகிறது. அதில் மர்டாக்கின் பெயர் பொன்னெழுத்தில் நான்கு இடத்தில் மின்னும், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு லீட்டோடு. சட்டையை மாற்றுவதுபோல ஆளை மாற்றுவார்.

கடைசியாக மாட்டிக்கொண்டவர் நெவில். ஆயுள் முழுக்கக் குனிந்து ஆட்டுக்கு மயிர் கத்தரித்தவர். அவர் பெயர் அந்தப் பலகையில் ஒருமுறைகூட ஏறியதில்லை. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டதால் இந்தப் பருவத்துக்குப் பிறகு குண்டைத் தொடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆகவே இந்தத் தடவை விட்டால் எப்போதும் இல்லை. இறுதியாட்டத்தன்று அவர் மனைவி தெல்மா, கிளப் பக்கமே எட்டிப் பார்க்காதவள், நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள்.

நெவில் அன்று ஆடியதை என்னவென்று சொல்வது! முழங்கால் விண்விண்ணென்று தெறிக்க, குண்டு குண்டாக வெள்ளைப் பந்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார்த்தினார். மர்டாக்கும் தன் பங்குக்கு வாய் ஓயாமல் உழைத்தார். கடைசிச் சுற்றுக்கு வரும்போது இரு பக்கமும் சம புள்ளி. அந்தச் சுற்றில் எதிர்ப்பக்கத்து ஸ்கிப் ரஸ்ஸல் தன் குண்டுகளை எல்லாம் போட்டு முடித்துவிட்டார். பந்தை ஒட்டி நின்றது நெவிலின் குண்டு. மர்டாக் கையில் ஒரே ஒரு குண்டு மிச்சம். அதைப் போட வேண்டிய கட்டாயமே இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் கோப்பை இவர்களுக்கு.

நெவில் மறுகோடியிலிருந்து இரண்டு கையையும் உயர்த்தி ஆட்டினார். "போடாதேய்யா! நம்ம குண்டுதான் கிட்ட இருக்கு!"

மர்டாக் காதில் கையை வைத்தார். "என்ன? அகலமா விடவா?"

"விடவே விடாதே! ஜெயிச்சாச்சு!"

ரஸ்ஸல் கைகுலுக்கத் தொப்பியைக் கழற்றிவிட்டார். "மர்டாக், போதும்யா. நாங்க தோத்தாச்சு. வா, டீ குடிக்கலாம்."

"சும்மா இருங்கப்பா. பக்கத்துல இன்னொண்ணு கொண்டுபோய் வச்சா எவ்வளவு அழகா இருக்கும்!"

போட்டார். உள்ளதைச் சொல்கிறேன், அதைவிட அழகாக ஒரு குண்டு உருண்டு நான் பார்த்ததில்லை. அகலமாய்ப் போய், நிதானமாய் வளைந்து, நெவிலின் குண்டைத் தொடாமல் ஒதுங்கி, வெள்ளைப் பந்தை மட்டும் ஒரு தட்டு தட்டியது. பந்து பின்னால் கிடந்த ரஸ்ஸலின் குண்டோடு போய் ஒட்டிக்கொண்டது. தெல்மா கோட்டுப் பொத்தானை மெதுவாக மாட்டினாள்.

மர்டாக் முதலில் புல்லைப் பார்த்தார். அப்புறம் வானத்தைப் பார்த்தார். அப்புறம், "யாரு இருமினது?" என்றார்.

உள்ளே போய் எல்லோரும் சூடான சீஸ் ரோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மர்டாக்குக்கு அதற்குள் காரணம் கிடைத்துவிட்டது. தெல்மாவிடம் ஆறுதலாகவே சொன்னார். "உன் வீட்டுக்காரர் நல்ல ஆட்டக்காரர்தான்மா. ஆனா குண்டைப் பந்தோட இவ்வளவு ஒட்டியா வைக்கிறது? எனக்கு இடம் வேணாமா?"

நெவில் வாயிலிருந்ததை மென்று விழுங்கினார். "வாஸ்தவம்தான்யா. நான் இன்னும் கொஞ்சம் மோசமா ஆடியிருந்தா நாம ஜெயிச்சிருப்போம்."

"இப்பவாவது புரிஞ்சுதே!" என்று மர்டாக் அவர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

சிரிக்கிறீர்கள். மர்டாக்கைப் பார்த்தால் உங்களுக்குப் பாவமாகக்கூட இருக்கும். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். நீங்கள் எங்கள் புல்தரையை மிதித்ததில்லை. ஒரு குண்டைக் கையில் தூக்கிப் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் அந்தக் கடைசிக் குண்டு உருண்டபோது, 'இன்னும் கொஞ்சம் மெதுவாக விட்டிருக்கலாமே' என்று மனதுக்குள் ஒரு குரல் கேட்டதா, இல்லையா? அப்படியானால் சொல்லிவிடுகிறேன்: நெவில் ஆட்டத்தை விட்டபிறகு எங்கள் கிளப்பில் ஒரு லீட்டின் இடம் காலியாக இருக்கிறது. அது உங்களுக்குச் சரிப்படாது.