முன்சக்கரம் பிடிக்காத ஞாயிறுகள்

தன் டிரக்கின் பானெட்டுக்குள் தலையை விட்டுக் கையை நீட்டிய கண்ணாடிக்கடைக்காரர் அப்படியே நின்றுவிட்டார். அவர் பிடுங்க வந்த ரப்பர் குழாயை யாரோ ஏற்கெனவே பிடுங்கி வைத்திருந்தார்கள்.

குழாய் சுண்டுவிரல் பருமன்கூட இருக்காது. ஆனால் நாலு சக்கரமும் இழுக்கும் அந்தப் பழைய ஃபோர்வீல் டிரக்கில் முன்சக்கரங்களின் உயிர் அதில்தான் இருந்தது. முன் ஆக்சில் ஒரே தண்டு அல்ல, நடுவில் பிரிந்த இரண்டு துண்டு. எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது அந்த உறிஞ்சல் குழாய் வழியே போய் ஆக்சில் மேலிருக்கும் ஒரு டப்பாவை இயக்கும். டப்பா ஒரு வளையத்தைத் தள்ளி இரண்டு துண்டையும் சேர்க்கும். குழாய் கழன்றால் துண்டுகள் சேராது, ஃபோர்வீல் லீவரை என்னதான் போட்டாலும் பின்சக்கரம் மட்டும்தான் தள்ளும். பின்சக்கரத்தை நம்பி மாமனார் வீட்டுக் களிமண் மேட்டில் ஏற முடியாது.

அதுதான் வசதி. வாரம் முழுக்கக் கண்ணாடிப் பலகைகளை ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிற மனிதர் அவர். ஞாயிற்றுக்கிழமையாவது காலை நீட்டிப் படுக்கலாம் என்றால், மேட்டின் உச்சியில் மாமனார் இருந்தார். ஓய்வுபெற்ற நில அளவையாளர். எதிர் நாற்காலியில் உட்காரவைத்து, "அப்புறம் மாப்பிள்ளை?" என்பார்.

"அப்புறம் ஒண்ணுமில்லீங்க மாமா."

அதோடு பேச்சு முடிந்தது. சாயங்காலம் வரைக்கும் இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மனைவி உள்ளே அப்பாவின் அலமாரியை அடுக்கிக்கொண்டிருப்பாள்.

கொஞ்ச நாளாகத்தான் இந்தக் குழாய் வித்தை. காலையில் பிடுங்குவார், மேட்டடியில் சக்கரத்தைச் சுழலவிட்டுச் சேறடிப்பார், "சே, பழைய வண்டி" என்று சலித்துக்கொண்டு திரும்புவார், வீட்டுக்கு வந்ததும் சத்தமில்லாமல் மாட்டிவிடுவார். இன்றைக்குக் கொஞ்சம் தூங்கிவிட்டார். அதற்குள் வேறொரு கை முந்திக்கொண்டது.

வீட்டில் இருப்பதே இரண்டு பேர். ஆக, அவள்தான். விஷயம் தெரிந்துபோய், தானே பிடுங்கி வைத்துவிட்டு, இவர் முழிப்பதை வேவு பார்க்கிறாள். நிமிர்ந்தார். ஜன்னல் திரை அசைந்தது.

கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன எதையும் அவள் இரண்டாம் தரம் கேட்டதில்லை. பெற்ற தகப்பனைப் பார்க்க விடாமல் ஏய்த்தார் என்று தெரிந்தால், இனி "கடைக்குப் போறேன்" என்றால்கூட நம்பமாட்டாள். அதை நினைக்க அவருக்குத் தாங்கவில்லை. அவசரமாகக் குழாயை மாட்டினார்.

"என்னங்க பண்றீங்க?" மனைவி கைப்பையோடு வாசலில் நின்றாள்.

"குழாய் கழண்டு கிடந்துச்சு. மாட்டிட்டேன்."

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. "அதையெல்லாம் நீங்க எதுக்குத் தொடறீங்க? ஏதாவது ஆயிடப் போகுது."

ஆழம் பார்க்கிறாள் என்று அவர் முடிவுகட்டினார்.

இன்றைக்கு எப்படியும் ஏறிவிடுவது என்று நேர்மையாகவே ஓட்டினார். மேட்டடியில் லீவரைப் போட்டால் துண்டுகள் சேர்ந்ததைக் காட்டும் டாஷ்போர்டு விளக்கு எரியவில்லை. முன்சக்கரம் சும்மா வந்தது. வாராவாரம் இழுத்ததில் குழாயின் வாய் கிழிந்து காற்று ஒழுகியது. ஒரு பாவமும் செய்யாத நாளில் அவர் குற்றவாளியாக நின்றார்.

"பட்டறைக்குப் போயிடலாம்" என்றார், அவள் கேட்கும்படி உரக்க. "சும்மா விடக்கூடாது இதை."

பட்டறைக்காரருக்கு எந்தப் பழுதும் பழுதல்ல, யாரோ செய்த சதி. குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது தானா கழண்டது இல்ல சார்."

"எலியா இருக்கும்" என்றார் கடைக்காரர். "எலிதான்" என்றாள் மனைவி. இரண்டும் ஒரே மூச்சில் வந்தன.

பட்டறைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எலி கடிச்சா பல்லு பதியும்மா. இது கை வேலை. வீட்டுக்கு யாரு யாரு வந்து போறாங்க?"

"யாரும் வரமாட்டாங்க" என்று சொன்ன பிறகுதான் கடைக்காரருக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. மனைவி பட்டறைக் கூரையை ஆராய்ந்தாள்.

புதுக் குழாய் போட்டார்கள். டப்பாவுக்குள் சவ்வும் நைந்திருந்ததால் அதையும் மாற்றினார்கள். லீவரைப் போட்டதும் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

அடுத்த ஞாயிறு காலை, மனைவி குளிக்கப் போயிருந்தபோது, கடைக்காரர் பானெட்டைத் திறந்தார். சத்தியமாகப் பார்க்க மட்டும்தான் திறந்தார். புதுக் குழாய் கழன்று தொங்கியது.

இனி பொறுத்தால் மானம் போய்விடும். தான் சுத்தமானவன் என்று அவளுக்கு ஒரேயடியாகக் காட்டிவிட வேண்டும். நேரே பட்டறைக்கு ஓட்டினார்.

"குழாயே வேண்டாம். கையாலே இழுக்கற மாதிரி ஏதாவது இருக்கா?"

"கேபிள் போட்டுடலாம் சார். டப்பாவைத் தூக்கிட்டு இரும்புக் கேபிள். சீட்டுப் பக்கத்துல பிடி. இழுத்தா சேர்ந்தே ஆகணும். ஆயுசுக்கும் தொந்தரவு இருக்காது."

ஆயுசுக்கும் என்றதும் மாமனார் வீட்டு ஜன்னல் கண்முன் வந்தது. கடைக்காரர் சாவியை நீட்டினார். "போடுங்க."

வீட்டில் மனைவி கேட்டதும் பதறினாள். "இவ்வளவு பெரிய வேலை எதுக்குங்க? ரெண்டு வாரம் போகலேன்னா அப்பா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாரு."

என்ன நடிப்பு என்று வியந்தார். தானும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று, "எனக்கு மாமாவைப் பார்க்காம இருக்க முடியலை" என்றார்.

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, போனில் யாரிடமோ தணிந்த குரலில் பேசினாள்.

மறு ஞாயிறு மேட்டடியில் பிடியை இழுத்தார். கீழே டக்கென்று ஒரு சத்தம், விளக்கு எரிந்தது. நான்கு சக்கரமும் சேற்றைக் கவ்வ, டிரக் தார்ச்சாலையில் போவதுபோல் ஏறியது.

வாசலில் நின்ற மாமனார் முகத்தில் ஈயாடவில்லை. "வாங்க மாப்பிள்ளை" என்றவர் மகளைப் பார்த்தார். மகள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். கடைக்காரருக்குப் புரிந்துபோனது. சொல்லிவிட்டாள், எல்லாவற்றையும் அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

மாமனார் டிரக்கைச் சுற்றி வந்தார். வேலையிலிருந்த காலத்தில் இதே மாதிரி வண்டியில் மலைமலையாக அளந்தவர். குனிந்து ஆக்சிலைப் பார்த்தார். கேபிளைப் பிடித்து ஒருமுறை பலமாக இழுத்தார். அது அசையவில்லை.

"கெட்டியாத்தான் போட்டிருக்காங்க."

"ஆமாங்க மாமா" என்றார் கடைக்காரர். மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தார்.

மாமனார் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"இதை எதுக்கு மாப்பிள்ளை போட்டீங்க? குழாயா இருந்தப்போ, கடைசி ரெண்டு ஞாயிறும் நீங்க மேல வராம இருக்க, நான் போன்ல சொல்லச் சொல்ல என் பொண்ணு கச்சிதமா புடுங்கி வச்சாளே."