டாண்டேலினா, கிரெகர்லினா?

இலோய்லோ,
செவ்வாய்க்கிழமை.

எந்தக் கடலில் மிதந்துகொண்டிருக்கிறாயோ தெரியாத என் அருமை மகன் ஜெரிக்குக்கு, அப்பா அன்செல்மோ ஆசீர்வாதத்துடன் எழுதுவது. உன் உடம்பும் உன் கப்பல் எஞ்சினும் சௌக்கியமாக இருக்க நம் குழந்தை யேசு சாந்தோ நினோவை வேண்டுகிறேன். இங்கே உன் அம்மா, உன் மனைவி லோரெலி, இன்னும் பெயரில்லாத என் பேத்தி எல்லோரும் நலம். என் வலது கை மட்டும் நலமில்லை. மாவுக்கட்டு போட்டிருக்கிறது. ஆகையால் நான் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுகிறார். கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தால் என்னைத் திட்டாதே. போன் பண்ணினால் நீ ‘ஹலோ ஹலோ’ என்கிறாய், நான் ‘ஹலோ ஹலோ’ என்கிறேன், அதோடு கட்டாகிவிடுகிறது. அதனால்தான் உன் கப்பலில் சேரப் புறப்படுகிற எதிர்வீட்டு ரோமெல் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். பேத்திக்கு டாண்டேலின் என்று பெயர் வைக்க வேண்டும். நீ லோரெலிக்கு உத்தரவு போட வேண்டும்.

குத்துச்சண்டையில் நம் டாண்டே வில்யாமோரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவன் மோதுகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் ஊர்த் திருடன்கூட வேலைக்குப் போகமாட்டான். ஆண் குழந்தையென்றால் டாண்டே, பெண் என்பதால் பின்னால் ஒரு லின், நம் தெருவில் எல்லோரும் செய்வதுதானே. இதில் உன் மாமனார், என் சம்பந்தி நெஸ்டர், குறுக்கே வந்து நின்றுகொண்டு, ‘கிரெகர்லின்’ என்கிறார். யாரடா கிரெகர் என்றால், கூண்டுக்குள் கட்டிப் புரண்டு காலாலும் கையாலும் அடித்துக்கொள்கிறார்களே, அந்தக் கலப்புச் சண்டையில் ஒரு மொட்டைத் தலையன். அந்தப் பெயரைப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டால் பக்கத்துக் குழந்தை அழும். (இந்த இடத்தில் எழுதுகிறவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி எடுத்திருக்கிறார்.)

“சம்பந்தி, காலம் மாறிப்போச்சு. இப்ப காசு கட்டிப் பாக்கிற கூட்டமெல்லாம் கூண்டுச் சண்டைக்குத்தான்” என்றார்.

“உங்க ஆளுங்க மாசாமாசம் கூண்டைத் திறக்கிறாங்க. உள்ள யார் இருந்தாலும் கூட்டம் வரும், மிருகக்காட்சிசாலை மாதிரி. எங்க டாண்டே வருஷத்துக்கு ஒரு தரம் வருவான், திருவிழா மாதிரி. ஒரே ஒருத்தன் முகத்துக்காக ஊரே காசு கட்டுதே, அதுதான்யா இழுப்பு!” என்றேன்.

“உங்க டாண்டேக்கு வர்றது எல்லாம் பல்லு போன கூட்டம். எங்க கிரெகருக்கு வர்றது இளவட்டம்.”

“இளவட்டம் எங்க காசு கட்டுது? போன்ல திருட்டுத்தனமாத்தானே பாக்குது!”

இப்படி வாய் வளர்ந்து வளர்ந்து பந்தயத்தில் வந்து நின்றது. தெய்வச் செயலாக இரண்டு சண்டையும் ஒரே ஞாயிறு காலையில். நான் கூரை போட்ட கூடைப்பந்துத் திடலில் திரை கட்டுவது, அவர் எதிரே சேவல் சண்டைக் கொட்டகையில் கட்டுவது, டிக்கெட் விலை ஒன்றே, முக்கியச் சண்டையின்போது எந்தப் பக்கம் தலை அதிகமோ அந்தப் பக்கத்துத் தாத்தா வைப்பதே பெயர். தலை எண்ண, பேட்டைத் தலைவி கபிதானா ரோசிங். பாதிரியார் விஷயம் தெரிந்ததும் பூசையை விடியற்காலைக்கு மாற்றிவிட்டார். வேறு என்ன செய்வார், பாவம், அவரும் டாண்டே பக்கம்.

காலையில் என் திடல்தான் நிரம்பியது. உன் அம்மா இஞ்சி போட்ட கோழிக்கஞ்சி காய்ச்சி ஓசியில் ஊற்றினாள், ஜனம் குடித்துக்கொண்டே உட்கார்ந்தது. இதைப் பார்த்த சம்பந்தி என்ன செய்தார் தெரியுமா, ஒரு முழுப் பன்றியை வாட்டிக் கொண்டுவந்து கொட்டகை வாசலில் வைத்தார். அநியாயம்! டாண்டேயோடு யாரும் மோதலாம், வாட்டின பன்றித் தோலோடு யார் மோதுவது? என் கஞ்சியைக் குடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, மொத்தக் கூட்டமும் அந்தப் பக்கம் போய்விட்டது. பாதிரியாரும் போனார், திரும்பி வந்தார், உதட்டில் எண்ணெய். ஆனால் கடவுள் இருக்கிறார் ஜெரிக். சம்பந்தி குனிந்து பன்றிக் காதை வெட்டுகிறார், நிமிர்கிறார், அதற்குள் அவருடைய கிரெகர் மல்லாந்து கிடக்கிறான், சண்டையே முடிந்துபோயிற்று! கபிதானா அங்கே இன்னும் எண்ணவே ஆரம்பிக்கவில்லை. ஜனம் காசைத் திருப்பிக் கேட்டது, பிறகு பன்றிக் கறித் தட்டோடு நேரே என் திடலுக்கு வந்தது. எனக்கு உட்கார இடமில்லை. டாண்டே இடது கையை வீசினான், நானும் உணர்ச்சிவசப்பட்டு வலது கையை வீசினேன், அது இரும்புத் தூணில் பட்டது. ஒரு வீரனுக்கு இதெல்லாம் சகஜம்.

என் அலறல் கேட்டு லோரெலி குழந்தையோடு ஓடிவந்தாள். அங்கேதான் கெட்டது. ஊர் இன்னும் குழந்தையைப் பார்க்கவில்லை அல்லவா, மொத்தக் கூட்டமும் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பிவிட்டது. “மூக்கைப் பாரு, அப்படியே ஜெரிக்கு!” “கண்ணு மட்டும் லோரெலி!” என்று ஒரே கொஞ்சல். டாண்டே கடைசிச் சுற்றில் ரத்தம் சிந்துகிறான், பார்க்க நாதியில்லை. என் பேத்தி கொட்டாவி விட்டாள். ஜனம் கைதட்டியது!

கபிதானா நாற்காலி மேல் ஏறி நின்று, “கஞ்சியும் இல்லாம, பன்னியும் இல்லாம, டிக்கெட்டும் இல்லாம ரெண்டு பக்கத்துக் கூட்டத்தையும் இழுத்தவ இவதான். அதனால பேரை இவ அம்மா வைப்பா. தாத்தாக்கள் ரெண்டு பேரும் நாற்காலிய அடுக்குங்க” என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள். சம்பந்தி கைதட்டினார். வெட்கம் கெட்ட மனுஷன்! (மறுபடி பேனாவை வைத்துவிட்டார். இருமல் என்கிறார்.)

இந்தத் தீர்ப்பை நான் ஒப்புக்கொள்ள முடியாது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன் மகனே. நீ பிறந்தபோது நானும் இப்படித்தான், உன்னைப் போலவே, எங்கோ கடலில் கிடந்தேன். கரைக்கு வந்தபோது உனக்குப் பெயர் வைத்து, ஊருக்குச் சோறு போட்டு, பாத்திரமே கழுவியாகிவிட்டது. என் பிள்ளைக்கு என்ன பெயர் என்று நான் அடுத்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இந்த ஒரு தடவையாவது ஒரு குழந்தையின் பெயரில் நான் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், வேறொன்றுமில்லை. (எழுதுகிறவர் மூக்கைச் சிந்துகிறார். ஊரெல்லாம் ஜலதோஷம்.)

ஆகவே உத்தரவு போடு. வேளைக்குச் சாப்பிடு, ஈரச் சாக்ஸோடு தூங்காதே, எஞ்சின் அறையில் தலை குனிந்து நட. எல்லாக் கடலும் உன்னைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

உன் அப்பா,
அன்செல்மோ

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இதுவரை எழுதியது உங்கள் மாமனார் நெஸ்டர்தான். உங்கள் அப்பா கஞ்சி சூடு பண்ணப் போயிருக்கிறார், கண்ணாடியையும் இங்கேயே வைத்துவிட்டார். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். ‘கழுதை’ என்று சொன்ன இடங்களில் மட்டும் ‘சம்பந்தி’ என்று போட்டிருக்கிறேன். அவர் தூணைக் குத்தவில்லை. டாண்டேயின் சண்டை அவ்வளவு விறுவிறுப்பு, பாதியில் தூங்கிப் பெஞ்சிலிருந்து விழுந்தார். உத்தரவெல்லாம் போட வேண்டாம். லோரெலி இன்று காலையே நகராட்சி அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டாள், துணைக்கு நானும் போயிருந்தேன். நெஸ்டரில் கொஞ்சம், அன்செல்மோவில் கொஞ்சம் எடுத்து, நெல்மா. இரவுச் சாப்பாட்டின்போது அவரிடம் சொல்லப் போகிறோம். அழுவார். உங்கள் அம்மா இப்போதே துண்டு எடுத்து வைத்துவிட்டார். என் பெயர்தான் முன்னால் வருகிறது என்பதை மட்டும், அவராகக் கண்டுபிடிக்கும்வரை, தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.