ஒன்பதாவது கல்

நாமக்கல் ரோட்டில் ஐந்தாவது கிலோமீட்டர் கல்லில் பெயிண்டர் அர்த்தநாரியை யாரோ திட்டி எழுதியிருக்கிறார்கள் என்ற செய்தி மூன்று மணி பஸ்ஸில் திருச்செங்கோட்டுக்கு வந்து சேர்ந்தது. கண்டக்டர் சின்னண்ணன், அர்த்தநாரி வேலை செய்யும் பட்டறைக்கு எதிரே விசில் கொடுத்து வண்டியை நிறுத்தி, படியில் நின்றபடியே விஷயத்தை ஒப்படைத்தார்.

"பெரிய எழுத்துல இருக்குதுங்க. தொப்பையைப் பத்தி."

"யாரு தொப்பை?"

"உங்க தொப்பைதானுங்க. பேரு போட்டிருக்குது."

பஸ் போய்விட்டது. அர்த்தநாரி லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டர். ஊரிலிருந்து கிளம்பும் லாரிகளிலும் போர்க்கிணறு போடும் ரிக் வண்டிகளிலும் பாதிக்கு மேல் அவர் எழுதிய எழுத்துதான் இந்தியா முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்டவரைப் பற்றி இன்னொருவன் எழுதுவதா? பிரஷ்ஷை மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டுவிட்டு சைக்கிளை எடுத்தார்.

கல்லில் சாக்பீஸால் எழுதியிருந்தது.

'பெயிண்டர் அர்த்தநாரி அவுங்களுக்கு. ஓட்டத்தை நிறுத்திப்போட்டீங்களாமா. சந்தோசமுங்க. தொப்பைக்கு இது எத்தனாவது மாசமுங்க?'

மூன்று தடவை படித்தார். முதல் தடவை வந்த கோபம் மூன்றாவது தடவையில் காணாமல் போயிருந்தது. இவ்வளவு மரியாதையாக அவரை யாரும் திட்டி ஆறு மாதம் ஆகியிருந்தது.

இப்படித் திட்டக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. சென்னியப்பன். ரிக் வண்டியில் டிரில்லர். வருஷத்தில் எட்டு மாதம் வடக்கே எங்காவது பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பார். மழை பிடித்தால் வண்டிகள் ஊர் திரும்பும். வருஷம் தவறாமல் ஆனி பிறந்ததும் வந்துவிடுவார். பஸ்ஸை விட்டு இறங்கினால் பெட்டியோடு நேராகப் பட்டறைக்குத்தான் வருவார், வீடெல்லாம் அப்புறம். இதை அர்த்தநாரி பத்துப் பேரிடமாவது பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

அந்த நாலு மாதமும் விடியற்காலையில் இருவரும் இந்த ரோட்டில் ஓடுவார்கள். எதற்கென்று கேட்டால் இருவருக்குமே தெரியாது. எண்பத்து நாலாம் வருஷத்துத் திருச்செங்கோட்டில் காரணமில்லாமல் ஓடுகிற நாற்பது வயதுக்காரர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். ஆரம்பத்தில் பார்த்தவர்களெல்லாம் "ஏனுங்க, யாருக்கு என்னாச்சுங்க?" என்று பதறிக் கூடவே ஓடிவந்தார்கள். ஒரு பஸ் டிரைவர் பரிதாபப்பட்டு வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொள்ளப் பார்த்தார்.

ஓட்டத்தில் பாதி வாயில்தான் நடக்கும்.

"மாப்ள, அது மூச்சுங்களா, கொல்லம்பட்டறைத் துருத்திங்களா?"

"பேசாம வாங்க மாப்ள. உங்க முட்டிச் சத்தத்துக்கு எருமை மெரளுது."

"முடியலீன்னா சொல்லுங்க, கட்டிலோட ஆளனுப்பறேன்."

இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே ஓடினால் ஐந்து கிலோமீட்டர் எப்படிப் போனதென்றே தெரியாது. சென்னியப்பன் வண்டியேறிப் போன பிறகு அதே ரோடு இரண்டு மடங்கு நீளமாகிவிடும். அர்த்தநாரி ஓடுவார், பக்கத்தில் ஒரு ஆளின் மூச்சுச் சத்தம் இருக்காது. ஒவ்வொரு வருஷமும் பல்லைக் கடித்துக்கொண்டு எட்டு மாதத்தை ஓட்டிவிடுவார். இந்த வருஷம் பங்குனியில் முட்டி வீங்கியது. மனசும் விட்டுப்போனது. 'முட்டி வலி. ஓட்டத்தை விட்டுவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்' என்று ராய்ப்பூர் விலாசத்துக்கு ஒரு கார்டு போட்டார். பதில் இல்லை. மூன்று வாரம் கழித்து, கல்லில் இந்தத் தொப்பை.

ஒருவேளை ஆள் ஊருக்கே வந்துவிட்டாரோ என்று அன்று சாயங்காலமே சென்னியப்பன் வீட்டுக்குப் போனார். அவர் மனைவி அங்கம்மாள் வெள்ளையாக இருந்த விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். கோலமாவு போலிருக்கிறது.

"அவரு வரலீங்கண்ணா. கடுதாசிதான் வந்துச்சு. மழைக்கு இன்னும் நாளிருக்குதில்லீங்க? உங்க முட்டி எப்படி இருக்குதுங்க?"

"அது கெடக்குது அம்மணி."

"ஓடாம உட்டுறாதீங்கண்ணா" என்றாள் அங்கம்மாள். "உட்டா அப்பறம் புடிச்சுக்குமுங்க."

ஆக, வேறு யாரோ ஒரு ஓட்டக்காரன் முளைத்திருக்கிறான். அர்த்தநாரி எழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லக்கூடியவர். ஆறடி உயரம், முரட்டுக் கை, முப்பது வயது, அநேகமாகப் போலீஸில் சேர ஓடிப் பழகுகிறவன் என்று முடிவு கட்டினார். அதற்குக் கீழே, லாரிக்கு எழுதுவது போலவே நிழல் வைத்த எழுத்தில் பதில் எழுதினார்.

'அஞ்சாவது கல்லெல்லாம் எனக்குக் காத்தாட நடக்கற தூரமுங்க. நாளைக்கு ஏழாவது கல்லுக்கு வாங்க, பேசிக்கலாம்.'

எழுதி முடித்து இரண்டடி தள்ளி நின்று அழகு பார்த்தபோதுதான், ஏழாவது கல்லுக்குத் தானும் போக வேண்டும் என்பது உறைத்தது.

மறுநாள் ஓடினார். மூன்றாவது கல்லிலேயே முட்டி ஓலமிட்டது. திரும்பிவிட்டார். அதற்கடுத்த நாள் மனசு கேட்காமல் சைக்கிளில் போய்ப் பார்த்தால், ஏழாவது கல்லில் வந்திருந்தது.

'காத்திருந்து பாத்தேனுங்க. ரெண்டு காக்கா வந்துச்சு. அதுல நீங்க எது?'

அர்த்தநாரி ரோட்டோரத்தில் தனியாக நின்று வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு, தான் ஓடி வந்தபோது காத்திருந்தவர்தான் இல்லை என்று கூசாமல் எழுதினார். தினம் சைக்கிளில் போய் எழுதிவிட்டு வருவது வழக்கமாயிற்று. நாலாம் நாள் பதில் வந்தது.

'கல்லுகிட்ட கால் தடத்தைக் காணோமுங்க. டயர் தடந்தான் இருக்குது. காலு எப்பங்க உருண்டையாச்சு?'

சைக்கிளைக் கைவிட்டார். பஸ்ஸுக்கு டயர் தடம் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். பஸ்ஸில் போவதென்று ஆன பிறகு ஏழாவது கல் எதற்கு? 'முட்டி சரியாயிருச்சு. இனி நமக்கு ஒன்பதாவது கல்லுதானுங்க' என்று எழுதினார்.

வீட்டில் சாலம்மாள் கணவனின் சட்டைப் பையைத் துவைக்கும்போதெல்லாம் சாக்பீஸ் கரைந்து ஓடியது.

"கல்லுக்குத் தெனமும் எழுதறீங்களே, எனக்கு ஒரு நாளு ஒரு வரி எழுதியிருப்பீங்களா?"

"நீதான் ஊட்டுலயே இருக்கறயே."

"அதுதானே" என்று சொல்லிவிட்டு அவள் சட்டையை ஓங்கி அடித்தாள்.

முதல் பஸ் ஒன்பதாவது கல்லில் நிற்கும். அர்த்தநாரி குதித்து எழுதுவார். எதிர் பஸ் வரும்வரை புளியமரத்தடியில் நிற்பார். இரண்டு நாள் வரைக்கும் ரகசியம். மூன்றாம் நாள், ஏன் நிற்கிறது என்று எட்டிப் பார்த்த பஸ் முழுவதும் ஆளுக்கொரு வரி சொல்ல ஆரம்பித்தது.

"ஓடறேன் ஓடறேன்னு சொல்றியே, உன்ற காலை ஒரு நாளாச்சும் கண்ணுல காட்டுடான்னு எழுது சாமி" என்றாள் கீரைக்கூடையோடு இருந்த மாரக்காள்.

"மரியாதையா எழுதோணுமுங்க ஆத்தா. அவரு ங்க போட்டுத்தான் எழுதறாரு."

"அப்ப காட்டுங்கன்னு எழுது. காலு அதேதான்."

டிரைவர் ஹாரன் அடித்தார். சின்னண்ணன் மட்டும் அவசரப்படாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கல்லுக்கு ஒரு ஸ்டாப்பு கேட்டு மனுப் போடோணுமுங்க. காத்தாலயும் சாயங்காலமும் ஆளு எறங்குது."

அர்த்தநாரிக்கு அது காதில் ஏறவில்லை. மாரக்காளின் வரிக்கு நிழல் வைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஒன்பதாவது கல்லில் இருந்ததைப் படித்தபோது, பஸ் முழுவதும் அவர் முகத்தையே பார்த்தது.

'உங்க காலு இங்க ஒரு டிக்கெட்டைப் போட்டுட்டுப் போயிருச்சுங்க. பத்திரமா வெச்சிருக்கறேன்.'

அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி.

'வலிச்சா நடந்தாச்சும் வாங்க. நின்னு மட்டும் போயிராதீங்க.'

அர்த்தநாரி அன்று பதில் எழுதவில்லை. பஸ்ஸிலும் ஏறவில்லை. ஒன்பது கிலோமீட்டரும் நடந்தே ஊருக்கு வந்தார். யாரோ முகம் தெரியாத ஒருவன் நாற்பத்திரண்டு வயது பெயிண்டரின் முட்டிக்காக இவ்வளவு கவலைப்படுகிறான். அவனைப் பார்க்க வேண்டும், அவன் பக்கத்தில் ஒரு தடவையாவது ஓட வேண்டும் என்று ஆசை வந்தது. எதற்கும் அவர் இந்த வயதில் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

மறுநாளிலிருந்து உண்மையாகவே ஆரம்பித்தார். முட்டியில் எண்ணெய் தேய்த்து, துணி சுற்றி, பாதி நடை, பாதி ஓட்டம். போன தூரத்துக்குக் கல்லில் எழுதினார், பொய் எழுதவில்லை. பதில் தினமும் வந்தது. 'நாலு கல்லா? எங்கூர்ல சினை மாடு அதுக்கு மேல போவுமுங்க' என்று ஒரு நாள். 'ஆறைத் தாண்டீட்டீங்க. காக்கா ஒண்ணு கொறஞ்சுது' என்று ஒரு நாள். முதல் பஸ் அவரைத் தாண்டும்போதெல்லாம் மாரக்காள் ஜன்னலில் தலையை நீட்டி, "காலைத் தூக்கி வெய்யி சாமி" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

வைகாசி முடியப் போகும் சமயத்தில் எட்டாவது கல்லில் அது வந்தது.

'ஞாயித்துக்கெழமை ஒன்பதாவது கல்லு வரைக்கும் நிக்காம ஓடி வாங்க. நானும் அங்க இருக்கறேன். மழைக்கு முன்னாடி உங்களை ஓட வெச்சுப் பாக்கோணுமுங்க.'

சனிக்கிழமை முழுவதும் பட்டறையில் அவருக்குக் கை ஓடவில்லை. ஒரு ரிக் வண்டிக்கு முன்பக்கம் எழுத வேண்டிய சாமி பெயரைப் பின்பக்கம் எழுதி வைத்தார். இரவு படுத்துக்கொண்டு, ராய்ப்பூர் இருக்கும் திசையைப் பார்த்து மனசுக்குள் மன்னிப்புக் கேட்டார். தப்பா நெனைக்காதீங்க மாப்ள, நீங்க வார வரைக்குந்தான். வந்தப்பறம் மூணு பேரா ஓடிக்கலாம்.

ஞாயிறு விடியலில் இடுப்பில் இரண்டு துண்டு கட்டிக்கொண்டு கிளம்பினார். ஒன்று அந்த ஆளுக்கு. தெற்கே மேகம் கட்டியிருந்தது. ஐந்தாவது கல், தொப்பை எழுதிய கல், எப்போதோ பின்னால் போயிற்று. ஏழாவது கல்லில் முட்டி முனகியது. எட்டைத் தாண்டும்போது பஸ் வந்து பக்கத்திலேயே மெதுவாக ஊர்ந்தது. அத்தனை ஜன்னலிலும் தலைகள்.

"ஓடுங்க" என்றார் சின்னண்ணன். "அங்க ஆளு காத்திட்டிருக்குது. போன ட்ரிப்புலயே எறக்கி உட்டுட்டேன்."

அவனும் பஸ்ஸிலா வந்தான்? இவ்வளவு நாளும் தன்னை டயர் என்றும் டிக்கெட் என்றும் வாங்கு வாங்கென்று வாங்கினவனா? அர்த்தநாரிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மூச்சு வாங்கியது. கண்ணில் வேர்வை இறங்கியது. அந்தச் சிரிப்போடேயே நிற்காமல் ஓடி ஒன்பதாவது கல்லைக் கையால் தொட்டார்.

ஆறடி ஆள் யாரும் இல்லை. புளியமரத்தடியில் தூக்குப்போசியோடு அங்கம்மாள்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏம்மணி, நீ எங்க இங்க? இங்க ஒரு ஆளு நின்னாப்லயா? முரட்டு ஆளு, ஒசரமா?"

"மொதல்ல மோரைக் குடிங்கண்ணா."

குடித்தார். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு துண்டு சாக்பீஸ் இருந்தது. நாலாக மடித்த ஒரு பஸ் டிக்கெட் இருந்தது. ராய்ப்பூர் முத்திரை குத்திய ஒரு கார்டும் இருந்தது.

அர்த்தநாரி கல்லைப் பார்த்தார். அவளுடைய விரல்களைப் பார்த்தார். கோலத்தை யாராவது சாயங்காலத்தில் போடுவார்களா என்று இரண்டு மாதம் கழித்து இப்போதுதான் அவருக்குத் தோன்றியது.

"நீயா? எதுக்கு அம்மணி இத்தனை பாடு? எம்பட தொப்பை என்னோட போகுது, உனக்கென்ன?"

அங்கம்மாள் கார்டை மடித்து மறுபடியும் முடிந்துகொண்டாள். தெற்கே மேகத்தைப் பார்த்தாள்.

"'மாப்ள ஓடலீன்னா இந்த மழைக்கு நான் ஊருக்கு வந்து என்ன பண்றது'ன்னு எழுதிப்போட்டாருங்கண்ணா. நான் ஒருத்தி இருக்கறன்னு அவரு என்னைக்குங்க வந்தாரு?"